கிடங்கிலிருந்து கிளம்பிய சொல்

பெர்லினில் தலைவலி மாத்திரை வேண்டுமென்றால் 'அப்போட்டேக்க' எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதே சொல்லைக் கிரேக்க உச்சரிப்பில் ஏதென்ஸில் கேட்டால், மூட்டையும் அட்டைப்பெட்டியும் அடுக்கிய ஒரு சரக்குக் கிடங்கின் வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். அதன் உடன்பிறப்புகள் ஐரோப்பா முழுக்க வேறு வேறு தொழில் பார்க்கின்றன. ஸ்பெயினில் ஒயின் நிலவறை, பிளாரன்ஸில் கைவினைஞரின் பட்டறை, கோபன்ஹேகனில் பழைய பாணி மதுக்கூடம், பாரிஸில் நாகரிக உடை விற்கும் கடை. அட்லாண்டிக்கைத் தாண்டி ஹவானாவுக்குப் போனால் ரேஷன் கடை. இத்தனைக்கும் தாய் ஒரே ஒரு கிரேக்கச் சொல்: அபொதேக்கே.

'அபோ' என்றால் அப்பால். அதோடு 'வை' என்ற பொருளுடைய வினை சேர்ந்தது. எடுத்து ஓரமாக வைக்கும் இடம், அவ்வளவுதான். கி.மு. 414இல் சிராக்யூஸ் நகரை முற்றுகையிட்ட ஏதென்ஸ் படை லாப்தலோன் என்ற உயரத்தில் ஒரு கோட்டை கட்டியது. படை முன்னேறும்போது தளவாடங்களையும் பணத்தையும் போட்டுவைக்க ஓர் அபொதேக்கே தேவைப்பட்டது என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். அதே 'வை' வினையில் பிறந்த 'தேக்கே' என்றால் பெட்டி, பேழை. அது புத்தகத்தோடு சேர்ந்து நூலகத்தைக் குறிக்கும் பிப்லியோதேக்கே ஆயிற்று. அதைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் இசைத்தட்டுத் தொகுப்புக்கு 'டிஸ்கோதேக்' என்று பெயர் வைத்தார்கள். நாம் அறிந்த டிஸ்கோ நடனம் அந்த வழியில் வந்ததுதான். ஜெர்மன் மதுக்கடையில் சாய்ந்து நின்று குடிக்கும் மேடைக்கும் 'தேக்க' என்றே பெயர்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலும் அபொதேக்கே வருகிறது. ஆகாயத்துப் பறவைகள் விதைப்பதில்லை, அறுப்பதில்லை, சேர்த்து வைப்பதில்லை என்று மத்தேயு நற்செய்தி சொல்லுமிடத்தில், பறவைகளுக்கு இல்லாதது இந்த அபொதேக்கேதான். தமிழ் விவிலியம் அங்கே 'களஞ்சியம்' என்ற அருமையான சொல்லை வைத்திருக்கிறது. இந்தப் பறவைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் மறுபடி வரும்.

ரோமானியர்கள் இந்தச் சொல்லை வாங்கி அதற்குள் ஒயினை வைத்தார்கள். அவர்களுடைய 'அபொதேக்கா' பெரும்பாலும் மாடியில் இருந்தது. கீழே எரியும் அடுப்பின் புகையும் வெப்பமும் ஏறி, சாடிகளில் இருந்த ஒயினைச் சீக்கிரம் முதிர வைக்கும் என்பது கணக்கு. கி.மு. 121இல் ஒப்பீமியஸ் கான்சலாக இருந்த ஆண்டின் ஒயின் தலைமுறைகள் கடந்து புகழப்பட்டது. அந்த ஒயின் எஞ்சியிருப்பதே அக்காலத்தில் ரோமில் அபொதேக்காக்கள் இருந்ததற்குச் சான்று என்று மூத்த பிளினி எழுதி வைத்தார். கிடங்கின் வயதை அதில் இருந்த சரக்கை வைத்தே நிறுவிய அந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்தது.

ரோமப் பேரரசு சிதைந்தபின் இந்தச் சொல் இரண்டு பாதைகளில் பயணம் போனது. எந்தச் சொல் எந்தப் பாதையில் வந்தது என்பதை ஓர் உயிரெழுத்து இன்றும் காட்டிக்கொடுக்கிறது.

முதல் பாதை லத்தீன் வழி. மக்கள் பேச்சில் சொல்லின் முன்னால் 'லா' என்ற சுட்டு ஒட்டிக்கொள்ள, 'லா அபொதேக்கா' என்பதில் இரண்டு அகரங்கள் மோதி ஒன்று விழுந்தது. நாம் ராமனுக்கு முன்னால் இகரமும் லோகத்துக்கு முன்னால் உகரமும் சேர்த்து இராமன், உலகம் என்று உயிரெழுத்தைக் கூட்டியவர்கள். அவர்கள் இருந்ததைத் தொலைத்தார்கள். மிஞ்சியது இத்தாலியில் 'பொத்தேகா', ஸ்பெயினில் 'போதேகா'. இரண்டிலும் நடுவில் ஏகாரம் அப்படியே இருக்கிறது. போர்ச்சுகீசியர் மட்டும் அகரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நடுவே சுருக்கி 'அதேகா' என்றார்கள். அங்கே அதற்கு ஒயின் நிலவறை என்று பொருள்.

இரண்டாவது பாதை பைசாந்தியம் வழி. கான்ஸ்டான்டிநோபிளில் இருந்து ஆண்ட கிரேக்கர்களுக்கு 7, 8ஆம் நூற்றாண்டுகளில் மாகாணந்தோறும் அரசுக் கிடங்குகள் இருந்தன. அவற்றின் பெயர் பொறித்த ஈய முத்திரைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் கிடைக்கின்றன. ஆனால் அதற்குள் கிரேக்கரின் நாக்கு மாறிவிட்டது. பழைய ஏகாரம் ஈகாரமாகி, அவர்கள் வாயில் அபொதேக்கே 'அபொதீகி' என ஒலித்தது. மத்தியதரைக்கடல் வணிகத்தில் அந்தப் புது ஒலியோடு வந்து இறங்கிய சொல், தென் பிரான்சிலும் ஸ்பெயினிலும் 'பொத்திகா' ஆயிற்று. அங்கிருந்து வடக்கே ஏறிப் பிரெஞ்சில் 'பூட்டிக்'. ஆகவே போதேகாவும் பூட்டிக்கும் ஒரே தாய்க்கு வெவ்வேறு வயதில் பிறந்த பிள்ளைகள். ஸ்பெயின்காரர் இருவரையும் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் போதேகா ஒயினுக்கு, பொத்திகா மருந்துக்கு.

கிடங்குக்குள் மருந்து எப்படி வந்தது? இதற்கு ஐரோப்பிய நூல்களைவிட நம்மூர் நாட்டு மருந்துக்கடை தெளிவான விடை தரும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், அதிமதுரம் எல்லாம் ஒரே கடையில். சமையலுக்கா கஷாயத்துக்கா என்று கேட்காமல் நிறுத்துக் கொடுப்பார்கள். இடைக்கால ஐரோப்பாவில் தொலைதூரத்திலிருந்து வந்த விலையுயர்ந்த சரக்கைப் பூட்டி வைத்தவரே அப்போதிகாரியஸ், அதாவது கிடங்குக்காரர். அவர் பூட்டி வைத்ததில் பெரும்பகுதி மிளகும் இஞ்சியும் இலவங்கமும். அவையே மருந்தும் ஆதலால், கிடங்குக்காரர் மெல்ல மெல்ல மருந்துக்காரர் ஆனார்.

சிசிலியையும் தென் இத்தாலியையும் ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் 1231இல் தொடங்கிய சட்டத் தொகுப்பில் இந்த மாற்றம் நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். மருத்துவர் மருந்து விற்பவரோடு கூட்டு வைக்கக் கூடாது, சொந்தமாக மருந்துக்கடையும் நடத்தக் கூடாது என்றது சட்டம். இலாபத்துக்கும் வரம்பு கட்டியது. ஓராண்டுக்கு மேல் அபொதேக்காவில் கிடக்காத சரக்குக்கு அவுன்சுக்கு 3 தரேனிக் காசு. அதைவிட நீண்ட நாள் கிடப்பதற்கு 6. இங்கே சொல் இன்னும் இருப்பறையைத்தான் குறிக்கிறது, ஆனால் பேச்சு முழுக்க மருந்தைப் பற்றியது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே போனபோது அந்தப் பிணைப்பு இறுகி, ஜெர்மனிக்காரர்களுக்கு அப்போட்டேக்க என்றால் மருந்துக்கடை என்றே நிலைத்துவிட்டது. எஸ்தோனியத் தலைநகர் தாலினின் நகரமன்றச் சதுக்கத்தில் 1422க்கும் முன்பே தொடங்கிய அத்தகைய மருந்துக்கடை ஒன்று இன்றும் இயங்குகிறது. அங்கே ஒரு காலத்தில் பாதாம் மிட்டாயும் மசாலா ஒயினும்கூட மருந்துக் கணக்கில் விற்றார்கள்.

இதே காலத்தில் தெற்கே, பிளாரன்ஸில், சொல்லுக்கு வேறு வாழ்வு. அங்கே மருந்து விற்றவர் 'ஸ்பெசியாலே', அதாவது மசாலாக்காரர். பொத்தேகா என்பது பட்டறை. வெரோக்கியோவின் பொத்தேகாவில்தான் லியனார்டோ டா வின்சி சிறுவனாகச் சேர்ந்தான். கிர்லாண்டாயோவின் பொத்தேகாவில் 1488இல் மைக்கலாஞ்சலோ பயிற்சிக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டான். வண்ணம் அரைப்பது, பலகை தேய்ப்பது, பொன் தகடு ஒட்டுவது, குருவின் ஓவியத்தில் மூலையில் ஒரு தேவதையின் தலையை வரைவது என எல்லாம் அங்கே நடந்தது. நீலமும் சிவப்பும் எங்கே வாங்கினார்கள்? மசாலாக்காரரிடம். ஓவிய வண்ணங்களும் மருந்தும் ஒரே அலமாரியில் இருந்ததால், ஓவியர்கள் மருத்துவர்களும் மசாலாக்காரர்களும் சேர்ந்த தொழிற்சங்கத்திலேயே உறுப்பினரானார்கள். நகரப் பதவி வகிக்க ஏதாவது ஒரு சங்கத்தில் பெயர் வேண்டும் என்பதால் கவிஞர் தாந்தேயும் அதே சங்கத்தில்தான் பதிவு செய்திருந்தார். வடக்கே மருந்துக்கடையாகவும் தெற்கே ஓவியப் பட்டறையாகவும் பிரிந்த இரண்டு பொருள்கள் ஒரே சங்கத்தின் பேரேட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன என்பது எத்தனை அழகான தற்செயல்!

ரோமில் இடைக்கால வணிகர்கள் பழைய நாடகசாலை ஒன்றின் இடிபாடுகளுக்குள், வெளிச்சம் புகாத வளைவுகளில் கடை போட்டார்கள். அந்தத் தெருவுக்கு 'இருண்ட பொத்தேகாக்களின் தெரு' என்று பெயர் நிலைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியின் தலைமையகம் அங்கே இருந்ததால், செய்தித்தாள்களில் அந்தப் பெயரே கட்சிக்கு மறுபெயர் ஆயிற்று. 1978இல் பிரெஞ்சு எழுத்தாளர் பத்ரிக் மோதியானோ தன் நாவல் ஒன்றுக்கு அந்தத் தெருவின் பெயரையே தலைப்பாக்கினார். பிரெஞ்சில் எழுதும்போது பொத்தேகா பூட்டிக் ஆக வேண்டியிருந்தது. லத்தீன் வழி வந்த அக்காளும் பைசாந்திய வழி வந்த தங்கையும் அந்தத் தலைப்பில் சந்தித்தார்கள். நாவல் கோன்கூர் பரிசு பெற்றது.

இனி கப்பல் ஏறலாம். போர்ச்சுகலில் மருந்து விற்பவர் பொத்திகாரியோ. அரசர் இரண்டாம் ஜுவானின் பொத்திகாரியோவுக்கு மகனாகப் பிறந்து, தானும் இளவரசர் அபோன்சோவின் பொத்திகாரியோவாக இருந்தவர் தொமே பீரெஸ். மிளகு எங்கே விளைகிறது, லவங்கம் எங்கே என்று நேரில் பார்த்து எழுதத் தெரிந்த ஆள் கீழ்த்திசைக்கு வேண்டியிருந்தது. மருந்துக்காரரைவிடப் பொருத்தமானவர் யார்? 1511இல் இந்தியா வந்த அவர் கண்ணனூரில் மருந்துச் சரக்குகளின் பொறுப்பாளர் ஆனார். அடுத்த ஆண்டு மலாக்கா. அங்கே இருந்து 'சூமா ஓரியென்டல்' என்ற நூலை எழுதினார். செங்கடல் தொடங்கிச் சீனா வரையிலான துறைமுகங்கள், சரக்குகள், எடைகள், நாணயங்கள் எல்லாம் அதில் உண்டு. மலாக்காவில் செல்வாக்கோடு வாழ்ந்த, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களையும் அவர் விரிவாகப் பதிவு செய்கிறார். அவர்களில் நீனா சத்து என்று போர்த்துகீசியர் எழுதிய வணிகரை அவர்களுடைய புதிய ஆட்சி பெந்தஹாரா என்ற உயர்பதவியில் அமர்த்தியிருந்தது.

அந்த மலாக்காவில் நம்முடைய ஒரு கிடங்குச் சொல்லும் இருந்தது. மலாய் மொழியில் சரக்கறைக்கு 'குடாங்' என்று பெயர். அதன் வேர் தமிழ் 'கிடங்கு', தெலுங்கு 'கிட்டங்கி' என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. போர்த்துகீசியர் அதைக் 'குதாவ்' என்று எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் 'கோடவுன்' ஆக்கினார்கள். அது சென்னைக்கு வந்து 'குடோன்' என்று குடியேறியது. நாட்டுக்கோட்டை நகரத்தார் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் தொழில் நடத்திய இடத்துக்கும் 'கிட்டங்கி' என்றே பெயர். பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வட்டிக் கணக்கு பார்த்த இடம் அது. கிரேக்கக் கிடங்கு மருந்துக்கடையானதுபோல் நம் கிடங்கு பணக்கடையாயிற்று.

பீரெஸ் பிறகு சீனாவுக்கு அனுப்பப்பட்ட முதல் போர்த்துகீசியத் தூதராகி, தூது தோற்று, சிறைப்பட்டு, அங்கேயே மறைந்தார். அவருடைய நூலின் முழுமையான கையெழுத்துப் படி 1937இல் பாரிஸில் கண்டெடுக்கப்பட்டது.

அதே நூற்றாண்டில் சொல் வடகிழக்கே மாஸ்கோவுக்கும் போனது. ஜார் நான்காம் இவானுக்கு மருந்து தயாரிக்க 1581இல் ஜேம்ஸ் பிரெஞ்சம் என்ற ஆங்கிலேயர் கிரெம்ளினில் 'அப்தேகா' திறந்தார். ரஷ்யாவில் இன்றும் மருந்துக்கடைக்கு அதுதான் பெயர். லண்டனில் மருந்துக்காரர்கள் அப்போது மளிகை வணிகர் சங்கத்துக்குள் அடங்கியிருந்தார்கள். 1617இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் தந்த பட்டயத்தோடு தனிச் சங்கமானார்கள். அந்தச் சங்கத்தின் விதிகளில் பெண்களைத் தடுக்கும் வாசகம் ஏதும் இல்லை. பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவடைத்தபோது, மருத்துவராக விரும்பிய எலிசபெத் காரட் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து, 1865இல் சங்கத்தின் தேர்வில் தேறி மருத்துவ உரிமம் பெற்றார். சங்கம் உடனே விதியை மாற்றி அந்த வழியை அடைத்தது வருத்தமான செய்தி. ஆனால் அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

ஸ்பெயினில் போதேகாவிலிருந்து 'போதெகோன்' பிறந்தது. மலிவான சாப்பாட்டுக் கடை என்று பொருள். செவில் நகரத்து இளைஞர் வெலாஸ்கெஸ் 1618இல் முட்டை பொரிக்கும் ஒரு மூதாட்டியை வரைந்தார். வெண்கலப் பாத்திரம், வெங்காயம், கத்தியின் நிழல் எல்லாம் தொட்டுவிடலாம்போல் இருக்கும். இப்படிச் சமையலறையையும் சட்டிபானையையும் வரைந்த ஓவியங்களுக்கும் போதெகோன் என்றே பெயராகி, ஸ்பானியத்தில் அசையாப் பொருள் ஓவியம் எதற்கும் அதுவே பொதுச்சொல் ஆயிற்று.

மறுபடி வடக்கே அப்போட்டேக்கவுக்குப் போவோம். பெர்லினில் மருந்துக்கடைப் பயிற்சியாளனாக இருந்தவன் யோஹான் பிரீட்ரிஷ் போட்கர். பொன் செய்யத் தெரியும் என்று அவன் பரப்பிய பேச்சு அரசர் காதுக்கு எட்ட, சாக்சனிக்கு ஓடினான். அங்கே மன்னர் பலசாலி ஆகஸ்டஸ் அவனை அடைத்துவைத்துப் பொன் செய்யச் சொன்னார். பொன் வரவில்லை, 1708இல் கீழ்த்திசையினர் மட்டுமே அறிந்திருந்த கெட்டிப் பீங்கான் வந்தது. 1710இல் மைசன் பீங்கான் ஆலை தொடங்கியது. அந்தப் பீங்கானை அப்போட்டேக்கப் பையன் ஒருவனே ஐரோப்பாவுக்குச் செய்து கொடுத்தான்.

ஸ்பானியக் கடலோடிகளுக்குப் போதேகா என்றால் கப்பலின் அடித்தளச் சரக்கறை. அதையே குடும்பப் பெயராகக் கொண்ட ஹுவான் பிரான்சிஸ்கோ தெ லா போதேகா என்ற மாலுமி 1775இல் கலிபோர்னியக் கரையோரம் வந்தார். ஒரு விரிகுடாவுக்கு அவர் பெயர் நிலைத்தது. அந்த போதேகா விரிகுடாவில்தான் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 'தி பேர்ட்ஸ்' படத்தை எடுத்தார். 1963இல் வெளிவந்தது. களஞ்சியம் இல்லாத மத்தேயுவின் பறவைகள் 'களஞ்சியம்' என்று பெயர்கொண்ட ஊரின் மேல் பாய்ந்தன! திட்டமிட்டு யாரும் இதைச் செய்திருக்க முடியாது.

ஸ்பானியர்கள் போன இடமெல்லாம் இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு வந்தார்கள். பிலிப்பைன்ஸில் இன்றும் 'போதேகா' குடோன், 'போத்திகா' மருந்துக்கடை. கியூபாவில் 1962இல் பங்கீடு வந்தபோது அரிசியும் சர்க்கரையும் அட்டையைக் காட்டி வாங்கும் இடம் தெருமுனைப் போதேகா. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க் போனவர்கள் அங்கே நடத்திய சிறுகடைக்கும் அதே பெயர். எலி பிடிக்க வளர்க்கும் கடைப் பூனைகளுக்கு அங்கே தனிப் புகழ் உண்டு. பிரேசிலில் பொத்திகா சுருங்கி 'போத்தெக்கோ' ஆகி, மேசையைத் தெருவில் போட்டு பீர் கொடுக்கிறது. டச்சுக்காரர்கள் மருந்துக்கடை என்ற பொருளைக் கொண்டுபோனதால் இந்தோனேசியாவில் 'அபோத்தெக்'. அந்த ஊரில் கிடங்குக்கு 'குடாங்'!

பிரெஞ்சுப் பூட்டிக் நெடுங்காலம் சாதாரணக் கடையாகவே இருந்தது. மீனவர்கள் பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கும், அடியில் துளையிட்ட படகுக்கும்கூட அந்தப் பெயர் உண்டு. அதற்கு மவுசு கூடியது 20ஆம் நூற்றாண்டில். பாரிஸின் ஆடை வடிவமைப்பாளர்கள் ஆளுக்கு அளவெடுத்து மாதக்கணக்கில் தைத்த காலத்தில், எல்சா ஸ்கியாபரெல்லி 1935இல் வாந்தோம் சதுக்கத்தில், எடுத்த கையோடு வாங்கிப்போகும் பொருள்களுக்கு ஒரு பூட்டிக் திறந்தார். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். 1955இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் மேரி குவான்ட் 'பஜார்' கடையைத் திறந்தபின் அந்த நகரின் இளைஞர்கள் மூலைக்கு மூலை பூட்டிக் போட்டார்கள். 1984இல் நியூயார்க்கில் மார்கன்ஸ் ஹோட்டல் திறக்கப்பட்டபோது, அது பெரிய பல்பொருள் அங்காடி அல்ல, பூட்டிக் போன்றது என்று அதன் உரிமையாளர்கள் விளக்கினார்கள் என்பார்கள். பூட்டிக் ஹோட்டல் என்ற தொடர் உலகம் சுற்றத் தொடங்கியது.

ஆனால் சென்னைக்கு இந்தச் சொல் பாரிஸிலிருந்து முதன்முதலாக வரவில்லை. 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைத் திறந்தால் 'பூட்டிக்' அங்கே இருக்கிறது. இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் மட்டும் வழங்கும் சொல், உள்ளூர்க்காரரின் சிறு கடை என்று பொருள், போர்த்துகீசிய மூலம் என்று குறிப்பு. அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். இதைக் காதால் கேட்டே எழுதியிருப்பார். நம் பெட்டிக்கடைக்கும் இதற்கும் உறவு தேட வேண்டாம். ஒலி நெருக்கம் இருந்தாலும் பெட்டி நம்முடைய பெட்டிதான்.

பிறகு சென்னையில் அந்தப் பழைய பொருள் மறைந்துபோனது. இன்று ஆரி வேலை செய்த கல்யாண ரவிக்கைக்கு முன்பணம் கட்டும் இடம்தான் பூட்டிக். இலங்கையில் மட்டும் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. ஊர்ச் சந்தியில் பிளேன் டீயும் பனிஸும் விற்கும் கடையை இலங்கை ஆங்கிலத்தில் இன்றும் 'டீ பூட்டிக்' என்பார்கள். அது 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பலில் வந்தது. காலிக் கோட்டைக்குள் பழைய வணிகர் வீடுகளைப் புதுப்பித்து நடத்தும் பூட்டிக் ஹோட்டல்களின் பெயர் நியூயார்க்கிலிருந்து விமானத்தில் வந்தது.